வரைபடத்தின்படி எல்லாம் சரி

மின்தடை நிவாரணத் துறை இன்வெர்ட்டர் கொண்டுவந்து வைத்த அன்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் போகவே இல்லை. தையலக்காவுக்கு அது ஒன்றுதான் உறுத்தலாக இருந்தது.

தெருவில் எல்லோரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறையில் தையல் மிஷின், உள்ளறையில் அண்ணன். அண்ணன் இருபத்தெட்டு வருஷம் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அறுத்த கல்லெல்லாம் யார் யார் வீட்டுத் தரைக்கோ போய்விட்டது; தூசி மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. இப்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் குழாய் எப்போதும் அவர் மூக்கில் இருக்கும். மிஷின் நின்றால் பத்து நிமிஷத்தில் உதடு நிறம் மாறும். அதற்குள் தையலக்கா மூலையில் இருக்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிடுவாள். ஆஸ்பத்திரி இரவல் கொடுத்த சிலிண்டர் அது. மூன்று மணி நேரம் தாங்கும். கரண்ட் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது போகும். அதனால் அவள் ஒரு காதைத் தையல் மிஷினுக்கும் ஒரு காதை உள்ளறைக்கும் கொடுத்துத்தான் மூன்று வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் போட்டு பதினாலு மாதம் கழித்து இன்வெர்ட்டர் வந்தபோது, அன்றைக்குத் தைக்க வேண்டியதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு வீட்டைப் பெருக்கித் துடைத்தாள்.

ஆறு பேர் வந்தார்கள். இருவர் ஆளுக்கொரு பேட்டரியைத் தூக்கி வந்தார்கள். ஒருவர் இன்வெர்ட்டரையும், ஒருவர் கண்ணாடிச் சட்டம் போட்ட வரைபடத்தையும், ஒருவர் கேமராவையும் கொண்டுவந்தார்கள். ஆறாமவர் இணை இயக்குநர். அவர் எதையும் தூக்கவில்லை, ஆனால் அவருக்குத்தான் அதிகமாக வியர்த்தது.

வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். ஒருவர் அதைப் பார்த்து "சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு" என்று உரக்கப் படிக்க, இன்னொருவர் அப்படியே இரண்டு பேட்டரிகளையும் ஒயரால் இணைத்து "ஆச்சு" என்றார். மேலே இரும்பு மூடி போட்டு, கம்பி கோத்து, ஈய முத்திரை வைத்தார்கள். முத்திரையை உடைத்தால் இன்வெர்ட்டரோடு ஆக்ஸிஜன் மிஷினும் பறிமுதல் செய்யப்படும் என்ற தாளில் தையலக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஆக்ஸிஜன் மிஷினின் ப்ளக்கை இன்வெர்ட்டரில் செருகினார்கள். மிஷின் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இணை இயக்குநர் கட்டிலின் கால்மாட்டில் நின்று பன்னிரண்டு நிமிஷம் பேசினார். துறை தொடங்கி ஏழு வருஷத்தில் ஒரு பழுதுகூட உறுதி செய்யப்படவில்லை என்றார். புகார்கள் வந்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு புகாரும் முறைப்படி ஆராயப்பட்டு, புகார் கொடுத்தவர்களே பழுதானவர்கள் என்று கண்டறியப்பட்டிருக்கிறது என்றார். அண்ணன் படுத்தபடியே கை கூப்பினார். அது போட்டோவில் நன்றாக விழுந்தது.

மெயின் ஸ்விட்சை ஒருதரம் அணைத்துக் காட்டினால் நன்றாக இருக்குமே என்று தையலக்கா மெதுவாகக் கேட்டாள்.

"நாங்க மின்தடையை ஒழிக்கிற துறைம்மா," என்றார் இணை இயக்குநர். "நாங்களே மின்தடையை உண்டாக்கினா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டி, நாலு தடவை கூவி, அடங்கிவிட்டது. கூடவே ஆக்ஸிஜன் மிஷினும் நின்றது. தையலக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சிலிண்டரைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அண்ணனோடு உட்காரவைத்துவிட்டு, அடுத்த நாள் துறை அலுவலகத்துக்குப் போனாள். புகார்ப் பிரிவு எழுத்தர், பழுது எப்போது தெரிகிறது என்று கேட்டார். கரண்ட் போகும்போது என்றாள். கரண்ட் இருக்கும்போது எப்படி என்று கேட்டார். அப்போது நன்றாக ஓடுகிறது என்றாள். எழுத்தர் "நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

அவர் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அந்த அலுவலகத்திலேயே கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகள் ஓய்ந்தன, கம்ப்யூட்டர்கள் இருண்டன. மூலையில் அவள் வீட்டில் இருப்பது போலவே ஓர் இன்வெர்ட்டர் இருந்தது. அது நாலு தடவை கூவி அடங்கியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது பேரும் ஒரே நேரத்தில் மேஜை இழுப்பறையைத் திறந்து ஆளுக்கொரு விசிறியை எடுத்து வீசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். விசிறிகளில் துறையின் சின்னம் அச்சிட்டிருந்தது.

உங்கள் இன்வெர்ட்டரும் நின்றுவிட்டதே என்று அவள் கையைக் காட்டினாள்.

"அது நிக்கலம்மா," என்றார் எழுத்தர். "கரண்ட் போயிருக்குன்னு நமக்குத் தெரியப்படுத்துச்சு. அதோட வேலை முடிஞ்சுது."

பன்னிரண்டு நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். தடித்த கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றினார். அண்ணனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு முத்திரையைத் திறந்து ஒயர்களை வரைபடத்தோடு ஒப்பிட்டார். பேட்டரியில் தண்ணீர் அளவைப் பார்த்தார். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்துப் பன்னிரண்டரை வோல்ட் என்று குறித்துக்கொண்டார். அவருடைய புத்தகத்தில் பன்னிரண்டு இருந்தால் சரி என்று போட்டிருந்தது.

தையலக்காவுக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் அளவு தெரியும். இடுப்பு முப்பத்தாறு என்றால் முப்பத்தாறுதான். இன்வெர்ட்டரின் பின்பக்கத் தகட்டில் 24 வோல்ட் என்று எழுதியிருப்பதை அவள் துடைக்கும்போது பார்த்திருந்தாள். அதைக் காட்டினாள். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தகட்டை நெடுநேரம் பார்த்தார்.

"அது இன்வெர்ட்டர் சம்பந்தப்பட்ட எண்," என்றார். "நான் பேட்டரி ஆய்வாளர். இன்வெர்ட்டர் ஆய்வாளர் பணியிடம் காலியா இருக்கும்மா."

மூடி, முத்திரை வைத்துவிட்டு, அறிக்கையின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். கருவி வரைபடத்தின்படி சரியாக உள்ளது. பயனாளிக்குப் பயிற்சி தேவை என்று அதில் இருந்தது.

இன்னொரு பிரதி ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்த வாரமே ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து சிலிண்டரைக் கேட்டார். கையில் கடிதம் வைத்திருந்தார். நன்கு இயங்கும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் சிலிண்டரும் வைத்திருப்பது இன்னொரு நோயாளியின் மூச்சைப் பறிப்பதற்குச் சமம் என்று அதில் எழுதியிருந்தது. தையலக்கா அழுதாள், சண்டை போட்டாள், வண்டியின் பின்னாலேயே தெருமுனைவரை போனாள். "நான் வெறும் வண்டி தள்றவன்க்கா," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துக்கொள்ளுங்கள் என்று போய்க் கேட்டாள். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்குப் படுக்கை கிடையாது என்றார்கள்.

அதற்குப் பிறகு கரண்ட் போன போதெல்லாம் அவள் செய்ய முடிந்தது ஒன்றுதான். அண்ணனைத் தூக்கி உட்காரவைத்து, முன்னால் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லி, ஜன்னலைத் திறந்துவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே அவர் மூச்சை எண்ணுவாள். பெரும்பாலும் ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷத்தில் கரண்ட் வந்துவிடும். ஒரு நாள் இருபது நிமிஷம் ஆனது. விரல் நகங்கள் கறுநீலமாகிவிட்டன. கண் செருகிக்கொண்டு போனது. அவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக ஓடினாள். வாசலில் நின்று பார்த்தால் கரண்ட் சீக்கிரம் வந்துவிடுமா என்ன? ஆனால் ஓடினாள்.

கரண்ட் வந்து அரை மணி கழித்து அண்ணனுக்குப் பேச்சு வந்தது.

"பாப்பா, அடுத்த தரம் ரொம்ப நேரம் ஆச்சுன்னா ஓடாத," என்றார். "பக்கத்துல உக்காரு. போதும்."

அவள் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டாள். நூல் கோக்க முடியவில்லை.

பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வந்தது. வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று போட்டிருந்ததால் போனாள். அவளையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மின்தடையின்போது பதற்றப்படக் கூடாது. நோயாளி மூச்சைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்களும் அறையில் உள்ள காற்றை அநாவசியமாகச் செலவழிக்கக் கூடாது என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நிமிஷம் எல்லோரையும் கண்ணை மூடிச் சிக்கனமாக மூச்சு விடச் சொன்னார். விட்டார்கள்.

தையலக்காவுக்குப் பக்கத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் எத்தனை தடவை கூவும் என்று அவள் மெல்லக் கேட்டாள். நாலு என்றார். கூவ ஆரம்பித்து அடங்குவதற்குப் பதினோரு நொடி என்றார். முன்வரிசைப் பெண்மணி திரும்பி, எங்கள் வீட்டிலும் நாலுதான் என்றாள். பதினோரு வீட்டிலும் நாலுதான். பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் எல்லோரும் ஒருவர் முகவரியை ஒருவர் எழுதிக்கொண்டார்கள். எதற்கு என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில், லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் கடை. எலக்ட்ரீஷியன் ஒரு லாரியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இரண்டு பேட்டரிகள், நடுவே ஒரே ஒரு ஒயர். தன் வீட்டில் நடுவே இரண்டு ஒயர் போனது தையலக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நின்று கேட்டாள்.

"ஒண்ணோட சிவப்பும் இன்னொண்ணோட கறுப்பும் சேரணும்க்கா," என்றார் அவர். "அப்பத்தான் பன்னெண்டும் பன்னெண்டும் இருபத்தி நாலாகும். சிவப்பு சிவப்போட சேர்ந்தா, பேட்டரி ரெண்டு இருந்தும் பன்னெண்டுதான்."

அவள் கெஞ்சியதால் வீட்டுக்கு வந்து பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், இது கூவாமல் வேறு என்ன செய்யும் என்றார். தையலக்காவின் வெட்டு மேஜையில் கிடந்த சாக்பீஸை எடுத்து, சரியான இணைப்பைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். முத்திரையை மட்டும் தொடமாட்டேன் என்றார். கடை உரிமத்தில் கையெழுத்துப் போடுவது அதே துறைதான்.

தையலக்கா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக இணை இயக்குநரிடமே போனாள். மூன்று மணி நேரம் காத்திருந்தாள். அவர் காகிதத்தைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மிகவும் அன்பாகப் பேசினார்.

"வரைபடம் தப்புதான்மா. அச்சாகி வந்த மறுவாரமே எங்களுக்குத் தெரியும். ஆனா அதுக்குள்ள இருநூறு வீட்டுல வெச்சாச்சு. அப்புறம் வெச்சதை மட்டும் சரியா வெச்சா முதல்ல வெச்சது தப்புன்னு ஆயிடுமில்ல? அதனால எல்லாத்தையும் ஒரே மாதிரி வெச்சோம். இப்ப நாலாயிரம் வீடு. உங்க வீட்டுல மட்டும் ஓடுச்சுன்னா மத்தவங்களுக்குச் செய்யிற துரோகம் அது. நாங்க யாருக்கும் பாரபட்சம் காட்டுறதில்ல. நாலாயிரத்துல ஒண்ணுகூட ஓடாது. அதுதான்மா இந்தத் துறையோட நேர்மை."

அண்ணன் செத்துப்போய்விடுவார் என்றாள் தையலக்கா.

அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. இழுப்பறையில் தேடி ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பயனாளி இறந்தால் கருவிகளைத் திருப்பி ஒப்படைப்பதற்கான படிவம் அது. பிறகு இதற்காக ஒருமுறை அலைய வேண்டாமே என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஊர் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. எட்டு மணி நேரம். தையலக்கா ஆஸ்பத்திரிக்கு இன்னொரு தடவை போனாள், உள்ளேயே விடவில்லை. முத்திரையை உடைக்கலாம் என்றால், உள்ளதும் போய் ஆக்ஸிஜன் மிஷினையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உடைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை மாலை லாரி எலக்ட்ரீஷியன் கடை முன்னால் போய் நின்றாள். அவர் கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றிய ஸ்பேனர் ஒன்றை எடுத்து நீட்டினார். முதலில் இன்வெர்ட்டரை அணைக்கணும், கறுப்பை முதலில் கழற்றணும், ஸ்பேனர் இரண்டு முனையையும் சேர்த்துத் தொடக் கூடாது, அவ்வளவுதான் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் ஸ்பேனரும் கத்தரிக்கோலுமாகப் பேட்டரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பராமரிப்பை ஒருவேளை தள்ளிப்போட்டிருந்தால் முத்திரையை உடைக்க வேண்டியதில்லையே என்று கடைசிவரைக்கும் பார்த்தாள். மற்ற எதற்கும் நேரத்துக்கு வராதவர்கள் அதற்கு மட்டும் சரியாக ஒன்பது மணிக்கு நிறுத்தினார்கள். நாலு கூவல். பிறகு அமைதி. அண்ணன் மூச்சுக்கு இழுப்பது மட்டும் கேட்டது.

இன்வெர்ட்டரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, துணி வெட்டும் கத்தரியால் கம்பியை வெட்டினாள். கத்தரியின் வாய் மழுங்கிவிட்டது. மூடியைத் தூக்கினாள். கறுப்பைக் கழற்ற முடியவில்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகினாள். அண்ணன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. பேட்டரிகளுக்கு நடுவே இருந்த இரண்டு ஒயர்களையும் எடுத்தாள். ஒன்றை மட்டும் முதல் பேட்டரியின் சிவப்பிலிருந்து இரண்டாவதின் கறுப்புக்குப் போட்டாள். இன்வெர்ட்டருக்குப் போகும் சிவப்பை இரண்டாவது பேட்டரிக்கு மாற்றினாள். எல்லாம் முடிந்து கடைசிக் கறுப்பை வைக்கும்போது பொறி ஒன்று பறந்தது. அவள் கையை எடுக்கவில்லை. முறுக்கி முடித்து ஸ்விட்சைப் போட்டாள்.

கூவவில்லை. பச்சை விளக்கு வந்தது. ஆக்ஸிஜன் மிஷின் ஒருமுறை குலுங்கி ஓட ஆரம்பித்தது.

குழாயை மூக்கில் சரிசெய்துவிட்டு, அண்ணன் சொன்ன மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி ஒரு மணி நேரம் சிவப்பு விளக்கு எப்போது வருமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. நாலரை மணிக்குக் கரண்ட் வந்துவிட்டது.

அடுத்த வாரம், பயிற்சிக்குப் பின்னான முன்னேற்றத்தைப் பார்ப்பதற்காக இணை இயக்குநரும் ஆய்வாளரும் வந்தார்கள். அறுந்த முத்திரையைப் பார்த்ததும் இணை இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர் மீட்டரை வைத்துப் பார்த்து, இருபத்தைந்து காட்டுகிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். என்ன செய்தாய் என்று அதட்டினார்கள். தையலக்கா போய் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு வருஷத்தில் இணை இயக்குநர் அதைப் பார்த்ததே இல்லை. எழுந்து கிட்டே வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல இன்வெர்ட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "இது எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அனுமதியின்றி இயங்கியது கண்டறியப்பட்டது என்று குறிப்பு எழுதினார். வரைபடத்தில் உள்ளபடி இப்போதே மாற்று என்று ஆய்வாளருக்கு உத்தரவிட்டுவிட்டு, ஆக்ஸிஜன் மிஷினை எடுத்துப்போக வண்டி வரச்சொல்வதா வேண்டாமா என்று மேலிடத்தில் கேட்பதற்காகப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஆய்வாளர் முழங்காலிட்டு உட்கார்ந்தார். தையலக்கா அண்ணனின் கட்டிலுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை.

"எங்க மாமியார் வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்மா," என்றார், வாசலைப் பார்த்துக்கொண்டே. "நானே நின்னு வெச்சது. எந்த ஒயரை எடுத்தீங்க?"

அவள் காட்டினாள். அவர் உள்ளங்கையில் பேனாவால் வரைந்துகொண்டார். பிறகு எதையும் தொடாமல் மூடியைப் போட்டு, புது முத்திரை வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "வரைபடத்தின்படி மாத்தியாச்சு, சார்."

கோளாறு நீக்கப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. கோப்பில் அந்த இன்வெர்ட்டர் இன்றுவரை ஓடாமல்தான் இருக்கிறது.

அவர்கள் போனபின் தையலக்கா பயிற்சித் தாளைத் தேடி எடுத்தாள். ஸ்பேனரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து உட்காரும் மதிய நேரங்களில், ஒரு நாளைக்கு ஒரு வீடு, முடிந்தால் இரண்டு வீடு. முதல் வீட்டில் அரை மணி ஆனது. மூன்றாம் வீட்டில் பத்து நிமிஷத்தில் முடித்தாள். ஏழு வீடு ஆனது.

எட்டாவது கடிகாரக்காரர் வீடு. ஊரின் அந்தக் கோடியில் இருந்ததால் அதைத் தள்ளிவைத்திருந்தாள். போனபோது அவர் கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு கைக்கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்து எழுந்தார். உள்ளே கட்டிலில் மெத்தை சுருட்டிவைத்திருந்தது.

தையலக்கா கேட்கவேண்டியிருக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்தேகாலுக்கு என்று அவரே சொன்னார். ஆக்ஸிஜன் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இன்வெர்ட்டருக்குத் தனிப் படிவமாம், அது இன்னும் வரவில்லையாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு இந்த ஸ்பேனர் தன் வீட்டில் வேலை முடிந்து சும்மா கிடந்ததை நினைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்று திரும்பினாள்.

"வந்தது வந்தீங்க," என்றார் அவர். "இதையும் சரி பண்ணிட்டுப் போங்கம்மா."

"இனிமே எதுக்கு அண்ணே?"

"கரண்ட் போனா இன்னும் அதேமாதிரி கூவுது. பதினோரு நொடி. தாங்க முடியல."

அவள் உட்கார்ந்து கம்பியை வெட்டினாள். அவர் பக்கத்தில் குந்தி, கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். முடிந்ததும் அவரே போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அதில் ஓட்டுவதற்கும் ஒன்றும் இல்லை.

"போதும்," என்றார்.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தையலக்கா நின்றபடியே குடித்துவிட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு வீடு இருந்தது. ஒன்பதாவது முகவரியில் இருந்த தெருவுக்கு எப்படிப் போவது என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வேகமாக இறங்கி நடந்தாள்.